லாரி ஹாரன்

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வந்த பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். காது நிறைய முடி. பழைய ஹாரன்களைச் சேகரிக்கிறவராம். மடியில் ஒரு பித்தளை ஹாரன். புளி போட்டு விளக்கி, புது ரப்பர் பந்து மாட்டியிருந்தார். வழி நெடுக அதைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார்.

ஆட்டுமந்தை ஒன்று சாலையை மறித்தது. பஸ் ஹாரன் வேலை செய்யவில்லை. எனக்கோ ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

“அண்ணாச்சி, அதக் கொஞ்சம் அமுக்குங்களேன்,” என்றார் டிரைவர்.

“இது லாரி ஹாரன். பஸ்ஸுக்கு எப்படி வே அடிக்கது?”

பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. உடனே அவர் ஜன்னலுக்கு வெளியே ஹாரனை நீட்டி அமுக்கினார். ஆடுகள் சிதறின.

“ஓரங்கட்டும் வே, லாரி போவட்டும்!”

டிரைவரும் ஒதுங்கினார். லாரி போனதும் ஆடுகள் திரும்பி வந்து சாலையை அடைத்துக்கொண்டன.

அடுத்துப் பின்னால் வந்தது ஒரு பஸ். அவர் ஹாரனைத் துண்டால் மூடிவிட்டார்.

ரயில் போய்விட்டது. ஆனாலும் அவர் பக்கம்தான் நியாயம் என்று இன்றும் எனக்குப் படுகிறது. ஏன் என்றுதான் தெரியவில்லை.