புரொசசருக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் பொட்டு வைக்காத சாமான் இல்லை. பிரிஜ்ஜுக்கு இருந்தது. அயன் பொக்சுக்கு இருந்தது. என் பள்ளிக்கூடப் பைக்கும் இருந்தது. புதிதாக எது வந்தாலும் அம்மா அதை முதலில் சாமிப் படத்துக்கு முன்னால் வைப்பா. சந்தனம், அதன் நடுவில் குங்குமம். அதற்குப் பிறகுதான் அது எங்கள் சாமான்.

கொம்பியூட்டர் வாங்கின வருடம் எனக்குப் பதினொரு வயது. அண்ணாவுக்குப் பதினாறு. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருந்தோம். கடல் தெரியாது. சத்தம் கேட்கும். அப்பா காலி வீதியில் ஒரு புடைவைக் கடையில் வேலை. வருகிறவர்களுக்குச் சாறி எடுத்துக் காட்டுவது, விரிப்பது, திரும்ப மடிப்பது. அவ்வளவுதான் அவருடைய வேலை. அதைச் சரியாகச் செய்வார்.

அண்ணாவுக்கு கேம் விளையாடுகிற கொம்பியூட்டர் வேண்டும். அம்மாவிடம் படிப்புக்கு என்று சொன்னார். அப்பாவிடம் உண்மையைச் சொன்னார். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். எனக்கும் அண்ணா ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். முதல் கார் ரேஸ் எனக்கு. அதனால் நான் அண்ணாவின் கட்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பம்பலப்பிட்டிக்குப் போனோம். அங்கே ஒரு மாடிக் கட்டடம் முழுக்கக் கொம்பியூட்டர் கடைகள். அண்ணா கொப்பித்தாளில் எல்லாம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பெட்டியும் மற்றச் சாமான்களும் சண்டை இல்லாமல் எடுத்தாயிற்று. புரொசசரில்தான் வந்து நின்றது. அதுதான் மூளை, மற்றதெல்லாம் கை கால் என்று அண்ணா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

கடைக்காரப் பொடியன் இரண்டு சின்னப் பெட்டிகளை மேசையில் வைத்தான்.

"தம்பி கேக்கிறது இது. நல்ல ஸ்பீட். ஆறு கோர். ஆனா அங்கிள், இதுல படம் காட்டுற பகுதி இல்ல. அதுக்கு வேறயா ஒரு கார்ட் வாங்கணும்."

"மற்றது?" என்றார் அப்பா.

"இது நாலு கோர்தான். கொஞ்சம் குறைவு. ஆனா படம் காட்டுறதும் இதுக்குள்ளேயே இரிக்கு. கார்ட் தேவல்ல. கேமும் ஓடும்."

"கார்டைப் பிறகு வாங்கலாம் அப்பா," என்றார் அண்ணா.

"பிறகெண்டால் எப்ப?"

அண்ணா தாளைப் பார்த்தார். தாளில் அது எழுதியிருக்கவில்லை.

அப்பா இரண்டு பெட்டிகளையும் கையில் எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். சாறியிலும் அவர் உள்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

"அப்ப இது பிளவுஸ் துண்டோட வாற சாறி. அது துண்டில்லாதது," என்றார்.

பொடியனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சிரித்தான். "ஓம் அங்கிள். அதேதான்."

"துண்டில்லாத சாறியை வாங்கிக்கொண்டு போய், பிறகு துண்டுக்குக் கடை கடையா அலையிற ஆக்களை நான் நாளும் பாக்கிறன். இதைப் போடுங்கோ."

முடிந்தது. பொடியன் பில்லை எழுதிக்கொண்டே, பிழை ஏதும் என்றால் ஒரு கிழமைக்குள் கொண்டுவரச் சொன்னான். பஸ்ஸால் இறங்கும்போது அண்ணா என் காதில், "மலிவுச் சாமான்," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அப்பாவுக்கும் கேட்டது.

அடுத்த நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அப்பாவின் கடைக்கு லீவு இல்லை. எட்டு மணிக்கே போய்விட்டார். அண்ணா நிலத்தில் பழைய பெட்ஷீட்டை விரித்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகப் பூட்டினார். நான் டோர்ச் பிடித்தேன்.

அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தா.

"இதுக்கு வேண்டாம் அம்மா. கண்ணாடிப் பெட்டி. பெடியள் வந்தால் சிரிப்பாங்கள்."

"சிரிக்கட்டும். பல்லுத் தெரியட்டும். பொட்டில்லாமல் இதுக்குக் கரண்ட் குடுக்க விடமாட்டன்."

அண்ணா பெட்டியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. அம்மா கிண்ணத்தை எனக்குப் பக்கத்தில் வைத்தா. என்னை ஒருக்கால் பார்த்தா. பிறகு போய்விட்டா.

புரொசசர் அதன் இடத்தில் இருந்தது. மேல்தகடு கழுவின சில்வர் தட்டு மாதிரி மின்னியது. அதற்கு மேல் ஃபேன் பூட்ட வேண்டும். எப்படிப் பூட்டுவது என்று பார்க்க அண்ணா போனைக் குனிந்து பார்த்தார். நான் பெருவிரலால் சந்தனத்தை வழித்து தகட்டின் நடுவில் வைத்தேன். வடிவாக, பெரிதாக. அதன் நடுவில் குங்குமம். ஃபேன் வந்தால் மூடிவிடும். அண்ணாவுக்குத் தெரியாது. சாமிக்குத் தெரியும். அம்மாவும் அண்ணாவும் இரண்டு பேரும் வென்றமாதிரி. எனக்குப் பெருமையாக இருந்தது.

அண்ணா போனைப் பார்த்தபடியே ஃபேனை நேராக இறக்கி, நாலு ஸ்க்ரூவையும் இறுக்கினார்.

பின்னேரம் கரண்ட் கொடுத்தோம். படம் வந்தது. அப்பா வேலையால் வந்தவர் கால் கழுவாமலே கதவடியில் நின்று பார்த்தார்.

"படம் வருதோ?"

"வருது," என்றார் அண்ணா.

சொன்னபடி முதல் ரேஸ் எனக்கு. சிவப்புக் கார். மூன்றாவது சுற்றில் முன்னுக்கு வந்துவிட்டேன். திடீரென்று எல்லாம் இருட்டு. மெஷின் நின்றுவிட்டது. பெட்டிக்குப் பின்னாலிருந்து சூட்டுக்காற்று வந்தது. அதோடு ஒரு வாசனையும் வந்தது.

"கோயில் மணம் வருது," என்றா அம்மா குசினியிலிருந்து. சந்தோசமாகத்தான் சொன்னா.

திரும்பப் போட்டோம். திரும்ப நின்றது. செவ்வாய், புதன், வியாழன், எல்லா நாளும் அப்படித்தான். படம் பார்க்கலாம். எழுதலாம். கேம் போட்டால் பத்து நிமிடம்.

"நான் சொன்னனான்தானே," என்றார் அண்ணா. "மலிவுச் சாமான் இதுக்குமேல இழுக்காது."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கனநேரம் பிசைந்தார்.

"எனக்குத் தெரியாத சாமான். நான் எடுத்திருக்கக்கூடாது," என்றார். "சனிக்கிழமை கடையில ஒரு மணித்தியாலம் கேட்டிட்டு வாறன். எல்லாத்தையும் திருப்பிக் குடுப்பம். கொம்பியூட்டர் பிறகு பாப்பம்."

பிறகென்றால் எப்போது என்று அண்ணா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் சிவப்புக் கார் போகப்போகிறது. அது மட்டும் விளங்கியது. அப்பா அன்றைக்கு மோர் கேட்காமல் எழும்பினதும் நினைவிருக்கிறது. நான் சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். பொட்டுச் சின்னதாகப் போய்விட்டதோ என்று யோசித்தேன். திறக்க வழி இருந்திருந்தால் இன்னொன்று வைத்திருப்பேன்.

சனிக்கிழமை பெட்டியோடு போனோம். அதே பொடியன். மேசையில் வைத்துக் கேம் போட்டான். நின்றது. அவன் மூக்கைச் சுருக்கினான்.

"என்ன அங்கிள், சந்தனம் மணக்குது."

நாலு ஸ்க்ரூவையும் கழற்றினான். ஃபேன் சுகமாக வரவில்லை. திருகி எடுத்தான். உள்ளே மஞ்சளாக, வெடித்த சேறு மாதிரிக் காய்ந்து கிடந்தது. நடுவில் சிவப்பு. பக்கத்துக் கடைக்காரரும் வந்து எட்டிப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது.

"யாரு அங்கிள் இத இங்க வெச்ச?"

அண்ணா என் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார்.

"நான்தான் தம்பி," என்றார் அப்பா. "புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்கிறது எங்கட வழக்கம்."

அண்ணா வாயை மூடிக்கொண்டார்.

"பெட்டிக்கு வெளிய வெச்சிருக்கலாமே அங்கிள். சூடு போக வழியில்லாம அடைச்சிட்டு. சூடு ஏறினா அது தன்பாட்டுல நிண்டுடும். அதாலதான் தப்பிச்சிச்சி."

"ஓம். இனி வெளியில வைக்கிறன்."

பொடியன் துணியில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தான். ஒரு டியூபிலிருந்து சாம்பல் நிறத்தில் களிம்பு எடுத்து நடுவில் வைத்தான். அதுவும் பொட்டு மாதிரித்தான் இருந்தது. இது சூட்டைக் கடத்துகிற பொட்டு என்றான். ஃபேனைப் பூட்டிக் கேமைப் போட்டான். பத்து நிமிடம் போனது. அரை மணித்தியாலம் போனது. அப்பா ஸ்டூலில் இருந்து, கிரிக்கெட் பார்க்கிறமாதிரி அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப சாமானில பிழையில்லை?"

"ஒரு பிழையும் இல்ல அங்கிள். நீங்க எடுத்தது சரியான சாமான்."

அப்பா அண்ணாவைப் பார்க்கவில்லை. சேர்ட் கொலரை மட்டும் இழுத்துச் சரிசெய்தார்.

பஸ்ஸில் அண்ணா பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். அந்தக் கொம்பியூட்டர் ஏழு வருடம் ஓடியது. அண்ணா கார்டைப் பற்றி ஒருநாளும் கதைக்கவில்லை. அம்மா பின்பக்கம், சுவர்ப்பக்கமாக ஒரு பொட்டு வைத்தா. நான் கனக்க ரேஸ் வென்றேன்.

அன்றைக்கு பஸ்ஸில் எனக்கு அப்பாவோடு கோபம். நான் வைத்த ஒரு பொட்டால் மட்டும் இவ்வளவும் நடந்திருக்காது. கடையில் அவரே சொன்னாரே, என்னுடையதற்கு மேல் அவரும் இன்னொன்றை வைத்திருக்கிறார். இரண்டு பொட்டு என்றால் சூடு ஏறத்தானே செய்யும். பாதிப் பிழை அவருடையது. வெள்ளவத்தை வருவதற்குள் அவரை மன்னித்துவிட்டேன். எட்டு மணிக்கே வேலைக்குப் போன மனுசன் எப்போது வந்து வைத்தார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.