கிணற்றுச் செய்தியும் தோழர் சவரிமுத்துவும்

1. கிணறு

தோல் பதனிடும் ஷாப்புக்கு அதிகாரிகள் சீல் வைத்த அன்று காலை, அங்கே வேலை பார்த்த தொழிலாளர்கள் திண்டுக்கல்லில் எங்கள் பத்திரிகை அலுவலக வாசலுக்கு வந்துவிட்டார்கள். அப்போது நான் இடதுசாரிக் கட்சி நாளிதழின் மாவட்ட நிருபர். முதலாளிகளை எதிர்த்து எழுதி வழக்குகளைச் சந்தித்தவள். எங்கள் கட்சியின் தொழிற்சங்க ஆட்களே கோபத்தோடு என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் முறை.

அந்த ஷாப்பின் கழிவுநீர் பக்கத்து ஊர் மல்லிகைத் தோட்டங்களைக் கெடுக்கிறது என்று எழுதியிருந்தேன். பெருமாயி என்ற விவசாயி என்னைக் கூட்டிப்போய்த் தன் கிணற்றில் வாளியை இறக்கினார். தண்ணீர் டிகாஷன் நிறத்தில் வந்தது.

"குடிக்கச் சொல்லல தாயி. செத்த நேரம் கையை முக்கிப் பாரு."

முக்கினேன். சாயங்காலம் வரை அரித்தது. தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து, நிர்வாகத்திடமும் விளக்கம் கேட்ட பிறகே எழுதினேன்.

வாசலில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு சங்கச் செயலாளர் சவரிமுத்து உள்ளே வந்தார். கல்லூரி முடித்த என்னை இயக்கத்துக்கு அழைத்து வந்தவர் அவர்தான்.

"நம்ம ஆளுக அம்புட்டுப் பேருக்கும் வேலை போச்சு ஸ்டெல்லா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா எழுதவேணாம்னு சொல்லியிருப்பீங்க தோழர்."

"சொல்லித்தான் இருப்பேன்."

"அப்ப கெணறு பொய்யா?"

"பொய்யின்னா சொன்னேன்? நம்ம பேப்பர்ல வரணுமாங்கிறேன்."

2. கை உயர்த்தல்

அந்த வாரமே கட்சியும் சங்கமும் சேர்ந்து கூட்டம் போட்டு என்னை அழைத்தார்கள். எழுதியது தவறு என்று சொல்லச் சொன்னார்கள். "கழிவைச் சுத்தம் பண்ணாத முதலாளிதான் வேலையைப் பறிச்சாரு. மூடிக் கிடக்கிற நாளுக்கும் கூலி கேட்போம், அதையும் நானே எழுதுறேன்" என்றேன். வேலையிழந்து உட்கார்ந்திருந்தவர்களிடம் அது எடுபடவில்லை. கட்சியிலிருந்தும் பத்திரிகையிலிருந்தும் என்னை நீக்க வாக்கெடுத்தபோது சவரிமுத்துவும் கையை உயர்த்தினார்.

சுத்திகரிப்புத் தொட்டி கட்டிய பின் ஷாப்பு திறந்தது. நான் வாரப் பத்திரிகைக்கும், பிறகு யூடியூபுக்கும் போனேன். டிவி விவாதங்களில் 'சர்ச்சைக்குரிய இடதுசாரி' என்று அறிமுகப்படுத்துவார்கள். அது வலித்ததில்லை. பழைய தோழர்கள் 'விலைபோனவள்' என்றதுதான் வலித்தது. மே தின ஊர்வலம் எங்கள் தெருவில் போகும்போது கதவைச் சாத்திக்கொள்வேன். உள்ளே நின்றபடி என் வாய் கோஷத்தை முணுமுணுக்கும்.

3. சவரிமுத்து வந்தார்

சென்ற ஆண்டு ஒரு மத்தியானம் கதவைத் தட்டினார்கள். திறந்தால் சவரிமுத்து. நன்றாகத் தளர்ந்திருந்தார். வேறொரு ஷாப்பில் கழிவுக் குழியில் இறங்கிய தொழிலாளி இறந்துவிட்டதாகச் சொன்னார்.

"குடிச்சிட்டு விழுந்தான்னு சொல்றாய்ங்க. அவன் குடிக்கவே மாட்டான். வெசவாயு அடிச்சிருக்கு. நீ எழுதணும்."

"உங்க பேப்பர்ல போடலாமே தோழர்."

"சங்கத்துக்காரன் பேச்சுன்னு தள்ளிருவாய்ங்க. நீ எழுதுனா அப்படித் தள்ள முடியாது. எங்க ஆளுகளுக்கு அடி விழும்னாலும் விடாம எழுதுனவ நீ."

நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு சொன்னேன்: "எழுதுறேன். ஆனா குழிக்குள்ள ஆளை எறக்குறது உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல? சங்கம் ஏன் தடுக்கலன்னும் கேப்பேன்."

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"கேளு. பதிலையும் எம் பேரு போட்டே போடு."

சாவுச் செய்தியும், 'ஷாப்பை மூடிருவாங்கன்னு பயந்து பேசாம இருந்துட்டோம்' என்ற அவர் பதிலும் வெளிவந்தன. பிரேதப் பரிசோதனையில் விஷவாயு என்பது உறுதியானது. அந்த ஷாப்பில் இப்போது குழிக்குள் மோட்டார் பம்புதான் இறங்குகிறது, ஆள் இறங்குவதில்லை. சவரிமுத்துவைச் சங்கத்தில் சிலர் திட்டினார்கள். அவர் பதவி விலகவும் இல்லை, பேசியதை மறுக்கவும் இல்லை.

புதிதாக எழுத வருகிறவர்கள் என்னிடம், பத்திரிகையாளருக்குச் சார்பு இருக்கலாமா என்று கேட்கிறார்கள். எனக்கு இருக்கிறது. உழைப்பவர் பக்கம்தான் இன்றும் நிற்கிறேன். அந்தப் பக்கத்து ஆட்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டிருந்தால், அந்தத் தொழிலாளிக்காக முதலாளியிடம் நான் கேட்டதை யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள்.