முப்பத்தெட்டுப் பேருக்குப் போன மெயில்

காரைக்குடியில் பழைய வீடொன்றை விருந்தினர் விடுதியாக நடத்தும் ஓர் ஆச்சிக்கு நான்தான் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அறை எடுத்தவர்களுக்கு நினைவூட்டும் மெயில் தானாகவே போக வேண்டும் என்று அவர் ஒருநாள் கேட்டார். அதற்காக, தளத்துக்குள்ளேயே சின்னச் சின்ன நிரல்களை எழுதி ஓட்டும் ஸ்கிரிப்ட் மாட்யூல் ஒன்றை நிறுவினேன். நிஜத் தளத்திலும் நிறுவினேன், சோதித்துப் பார்க்க வைத்திருந்த அதன் நகலிலும் நிறுவினேன். நகலில் என் மெயில் முகவரி மட்டும்தான் இருந்தது.

மறுநாள் காலை சோதனை. முதலில் 'வணக்கம்' என்று திரையில் காட்டச் சொன்னேன், காட்டியது. அடுத்தது மெயில். எனக்குத்தானே வரப்போகிறது என்று நினைத்து, தோன்றியதை எழுதினேன்: 'உங்கள் அறை ரத்து செய்யப்பட்டது.' பொத்தானை அழுத்தினேன்.

'முப்பத்தெட்டு மெயில்கள் அனுப்பப்பட்டன' என்றது திரை.

ஒன்றுதானே போயிருக்க வேண்டும்? திரையின் மேலே இருந்த தள முகவரியைப் பார்த்தேன். நான் நகலில் இல்லை, நிஜத் தளத்தில் இருந்தேன்.

அவசர அவசரமாக மாட்யூலை நீக்கினேன். போன மெயில் அதனால் திரும்பி வந்துவிடுமா? அதற்குள் ஆச்சியின் அழைப்பு. அடித்து ஓயும் வரை எடுக்கவில்லை. மறுபடி அடித்தது.

"என்ன ஆத்தா, பினாங்குல இருந்து பதறிப்போய்ப் பேசுறாக. மக கல்யாணத்துக்கு எடுத்த ரூமெல்லாம் ரத்துன்னு மெயில் வந்துச்சாமே?"

எவனோ தளத்துக்குள் புகுந்துவிட்டான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"நான்தான் ஆச்சி. சோதிச்சுப் பாக்குறப்ப மாத்தி அழுத்திட்டேன். எல்லாருக்கும் போயிருச்சு."

வேலை போனது என்றே முடிவு கட்டினேன்.

"இங்குட்டு வா. ஆளுக்குப் பாதியா போன் போடுவோம். பினாங்குக்காரவுககிட்ட நீயே பேசு."

ஸ்கூட்டரில் போகும்போது இரண்டு முறை வழி தவறினேன். தினமும் போகிற தெரு அது. விடுதிக்குப் போனதும் பினாங்குக்குப் போன் போட்டேன். கல்யாணப் பெண்ணின் அப்பா எடுத்ததும், "கல்யாணக் காரியத்துல இப்படியா விளையாடுவாக?" என்று கத்தினார். மன்னிப்புக் கேட்டேன். "ரூம் இருக்குல்ல?" என்றார்.

"இருக்குங்கய்யா."

"அப்பச் சரி."

மதியத்துக்குள் எல்லோரிடமும் பேசி முடித்தோம். இரண்டு குடும்பங்கள் அதற்குள் வேறு இடம் பார்த்துவிட்டன, கெஞ்சியும் வரவில்லை. அது என்னால்தான். ஆச்சி திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "அந்த நினைவூட்டுற மெயில் எப்ப சரியாகும்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, திரையின் மேலிருந்த நகல் தளத்தின் முகவரியை உரக்க இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான் அழுத்தினேன். ஒரே ஒரு மெயில் போனது.