ஒப்பிடத் தெரிந்தவை மட்டும்

கணினித் திரையில் பிழைச்செய்தி வந்தால் மாரீஸ்வரி அதை வாய்விட்டுப் படித்து, வரிக்கு வரி பதில் சொல்வாள். "ஏலே, ஒரே ஊரு ரெண்டு தடவ வந்தா, ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்தாத்தானலே ஒண்ணத் தள்ள முடியும்?" ஒரு கை விசைப்பலகையில், மறு கை காராச்சேவுப் பொட்டலத்தில்.

அடுப்படியிலிருந்து அம்மா மூக்கம்மாள் எட்டிப் பார்ப்பாள். "யாருகூடடீ சண்ட போடுற?"

"நான் எழுதுறதுல தப்புக் கண்டுபிடிக்கிற கம்பைலருகூட."

"அவுகளும் ஒங்க ஆபீஸுதானா?"

அருப்புக்கோட்டையில் மாடி அறையில் இருந்துகொண்டு, சென்னை நிறுவனம் ஒன்றுக்கு ஹாஸ்கல் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறாள் மாரீஸ்வரி. பஸ் மாறி மாறிப் போனால் எந்தெந்த ஊரை எட்டலாம் என்று சொல்லும் செயலி அது. ஓர் ஊரைக் கொடுத்தால் அங்கிருந்து போகக்கூடிய ஊர்கள் வரும். அவை ஒவ்வொன்றையும் மறுபடி கொடுக்க வேண்டும். இப்படி ஒரு படியின் விளைவை அடுத்த படியோடு கோக்கும் ஏற்பாட்டுக்குப் பெயர் மோனாட். ஊர்களைப் பட்டியலாக வைத்தால் காரியாபட்டி எத்தனை வழியில் வருகிறதோ அத்தனை முறை வந்து நிற்கும். 'செட்' என்ற தொகுப்பாக வைத்தால் ஒரே முறைதான். ஆனால் அதற்கு, உள்ளே வருகிறவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட முடிய வேண்டும். இந்த ஒரு நிபந்தனைக்காகவே அந்த மொழி செட்டை மோனாட் என்று ஏற்பதில்லை. மோனாட் என்றால் எந்த வகை வந்தாலும் கேள்வி கேட்காமல் சேர்க்க வேண்டுமாம்.

"எனக்கு நிபந்தன இருக்குன்னா வெளிப்படையாச் சொல்லிட்டுப் போறேன். அதச் சொல்ல எடமே வைக்கலேன்னா யாரு தப்பு?" என்று செட்டுக்காகத் தானே பொரிந்துவிட்டு, நிபந்தனையை முதல் வரியிலேயே அறிவித்து ஊர்களைக் கோக்கும் செயற்கூறு ஒன்றை, அந்த வேலைக்கென்றே ஒரு நிரல்துண்டை, எழுதினாள்.

குழுத்தலைவர் சங்கரலிங்கம் அதை ஒதுக்கிவிட்டார். "பட்டியலே போதும்மா. கடைசில வடிகட்டிக்கலாம்."

"கடைசி வரைக்கும் போகாது சார், பாதியிலேயே திணறிரும்."

அவர் கேட்கவில்லை. வாடிக்கையாளர் முன்னால் ஓட்டிக் காட்டிய அன்று, மூன்றாவது பஸ்ஸிலேயே செயலி உறைந்து நின்றது. "அது மாரீஸ்வரி எழுதின பகுதி" என்றார் சங்கரலிங்கம். பட்டியலாக எழுதச் சொன்னதும் அதே வாய்தான்.

மறுநாள் இணையவழிக் கூட்டத்தில் அவள் தன் செயற்கூறை வைத்து ஓட்டிக் காட்டினாள். கண்ணிமைப்பதற்குள் விடை வந்தது.

"நல்லாருக்கு" என்றார் சங்கரலிங்கம். "ஆனா இது முறையான மோனாட் இல்ல. மோனாட்னு வச்ச பேர மாத்திருங்க."

அது நியாயம்தான். எல்லோர் கண்முன்னும் பேரை மாற்றினாள்.

"மாத்திட்டேன் சார். நேத்து என் பேரச் சொன்னீகள்ல, அதையும் மாத்துங்க."

"அத அப்புறமா தனியாப் பேசலாமே…"

"பழி போட்டப்ப எல்லாரும் இருந்தாக. இப்பவும் இருக்காக, சார்."

சங்கரலிங்கம் தொண்டையைச் செருமினார். "அது வந்து… பட்டியலா வைக்கச் சொன்னது…"

"ஒரு நிமிசம் சார், தெளிவாக் கேக்கணும்" என்ற மாரீஸ்வரி எழுந்து போய், இரைந்துகொண்டிருந்த மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.