சாலை முடிந்த இடத்தில் கேட்கப்பட்ட ஜெபம்

கர்த்தருக்குள் அன்பான சபையாரே, மைக் பிடித்து நின்றால் நான் அழுதுவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன்.

போன வருடம் ஈஸ்டர் முடிந்த வாரத்தில் என் மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன் முடிந்து கீமோ ஆரம்பித்தார்கள். முடி போனது. நாக்கில் ருசி போனது. மூக்கில் வாசனையும் போனது. கருவாட்டுக் குழம்பும் கஞ்சித் தண்ணீரும் எனக்கு ஒன்றுதான். அதைவிட மோசம், என் வாய் அடங்கிப் போனது. எங்கள் பிளாக்கில் என் குரல் கேட்காத குவார்ட்டர்ஸ் கிடையாது. வாயாடி எஸ்தர் என்றுதான் பெயர். அப்படிப்பட்டவள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன்.

என் கணவர் தேவராஜ் நிலக்கரிச் சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய எந்திரத்தின் ஆபரேட்டர். ஷிப்ட் முடிந்து வந்ததும் என் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போடுவார். வாய்க்குள்ளேயே ஜெபிப்பார். நானும் ஜெபித்தேன். "போதும் ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும்" என்பதுதான் என் ஜெபம். மிச்சமிருந்த கீமோவுக்குப் போவதில்லை என்றும் முடிவு செய்திருந்தேன். இது எதுவும் அவருக்குத் தெரியாது.

ஐப்பசியில் டாக்டரம்மா, "அடுத்த கீமோவுக்கு முன்னாடி எங்கயாவது போய் நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்றார். என் கணவர் உடனே லீவு போட்டார். எங்கள் பழைய காரில் பரங்கிப்பேட்டைக்குப் போய், தெரிந்தவர் வீட்டில் தங்கினோம். இவர் இளநீர் வாங்கிக் கொடுப்பார், நான் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இதெல்லாம் கடைசித் தடவை என்று நினைத்துத்தான் பார்த்தேன்.

திரும்பி வந்த அன்று காலையிலிருந்தே மழை. மத்தியானத்துக்கு மேல் கம்மாபுரத்தை நெருங்கும்போது அவர் வண்டியைத் திருப்பினார்.

"மெயின் ரோடு பூரா லாரி. குலுங்கிகினே போவணும், உனக்கு வலிக்கும். கல்யாணமான புதுசுல ஸ்கூட்டர்ல போவோமே, அந்த ஊரு வழியா போயிடலாம்."

அந்த ஊரைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சனங்கள்தான் போயிருப்பார்கள், ரோடு எங்கே போகும் என்று நினைத்துவிட்டோம்.

ஊருக்குள் ஒரு ஆள் இல்லை. கதவு, ஜன்னல், ஓடு எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நாய் இல்லை. காக்காய் இல்லை. எங்கள் டவுன்ஷிப்பில் ராத்திரி பகலாகக் கேட்கும் சுரங்கத்து இரைச்சல்கூட அங்கே இல்லை. கூரை இல்லாத ஒரு வீட்டு வாசலில் கோலம் போட்டிருந்தது. அத்தனை மழையில் ஒரு புள்ளிகூடக் கலையவில்லை.

"ஏங்க, அந்தக் கோலம்..."

"பழைய வூட்டப் பாக்க யாராச்சும் வந்திருப்பாங்க. நீ கண்ண மூடிக்கோ" என்றார். சொல்லும்போது அவர் குரலே சரியாக இல்லை.

ஊர் முடிந்ததும் மூட்டம் இறங்கிவிட்டது. காருக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. அவர் வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டே போனார். அப்போதுதான் எனக்கு வாசனை வந்தது. மாசக்கணக்கில் செத்துக் கிடந்த மூக்கில், குப்பென்று கரி வாசனை. ஈரத்தில் புகைகிற பழுப்பு நிலக்கரி. அவர் சட்டையைத் துவைத்துத் துவைத்து எனக்குப் பழகின நெடி. சுரங்கம் காலடியில் இருக்கிறது என்று பட்டது.

"நிறுத்துங்க! யோவ், நிறுத்துய்யா! கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது? எங்கய்யா என்னக் கொண்டுபோற? நான் வூட்டுக்குப் போவணும்!"

பிரேக் போட்டார். இறங்கிப் போய்ப் பார்த்தோம். சில அடி தள்ளி, தார் ரோடு கத்தியால் நறுக்கினது போல முடிந்திருந்தது. குறுக்கே கொட்டிய மண்மேடு மழையில் கரைந்து கிடந்தது. அதற்கப்புறம் சுரங்கப் பள்ளம்தான், கீழே வெறும் மூட்டம். அவர் அப்படியே ரோட்டில் உட்கார்ந்து அழுதார். அழுதுகொண்டே சிரிக்கவும் ஆரம்பித்தார். ஐயோ, இவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்தே போனேன்.

"இத வெட்டுனதே நாங்கதான் எஸ்தரு. தெனமும் கீழருந்து பாக்கற எடம். மேலருந்து எனக்கு அடையாளம் தெரியல பாரு."

"அதுக்கு ஏங்க சிரிக்கிறீங்க?"

"நீ திட்டுனல்ல? இத்தினி மாசமா முழங்கால் போட்டுகினு அதத்தான் கேட்டுகினு இருந்தேன். ஆண்டவரே, அவ என்ன ஒருவாட்டி நல்லா திட்டணும்னு."

சாவைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். அது எதிரே வந்து நின்றபோது வீட்டுக்குப் போகணும் என்று கத்தினவளும் நான்தான். அந்தச் சேற்றில் நின்றபடியே எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். மிச்ச கீமோவுக்கு வருகிறேன் என்றேன்.

வரும் வழியில் கரி வாசனை வந்ததைச் சொன்னேன். அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு என்னையே பார்த்தார்.

"அந்தப் பக்கம் இப்பதான் மேல்மண்ணு எடுத்துகினு இருக்கோம். கரி இன்னும் எவ்ளோ ஆழத்துலயோ கெடக்குது. அங்க கரி வாசன வர வழியே இல்ல எஸ்தரு."

நான் என் சேலைத் தலைப்பை முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மூக்கு மறுபடியும் மரத்துப் போயிருந்தது. சிகிச்சை எல்லாம் முடிந்து வெகு நாள் கழித்துத்தான் எனக்கு வாசனை திரும்பியது.

போன மாதம் ஸ்கேன் எடுத்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றார்கள். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். இப்போது வீட்டில் நான் போடுகிற சத்தத்துக்கு அவர் "ஆமென்" சொல்கிறார்.

படுக்கையில் கிடக்கிறவர்களே, ஜெபிக்க வாய் வரவில்லையா? என்னைப் போல எடுத்துக்கொள்ளும் என்றுதான் வருகிறதா? பரவாயில்லை. உங்கள் பக்கத்தில் ஒருவர் முழங்காலில் நின்றுகொண்டிருப்பார், அவர் ஜெபத்தை நம்பி இருங்கள். நான் கேட்டதை ஆண்டவர் எனக்குத் தரவில்லை. அதற்காகத்தான் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.