மூன்று பாகம் பார்த்துச் சொன்ன ‘சரி’

1. செந்தூலில் வசிக்கும் அக்கா, தன் பதின்மூன்று வயது மகள் கேட்ட அனிமே தொடரைப் பார்த்து, ஏற்றதா என்று சொல்லச் சொன்னாள்.
2. நான் மென்பொருள் சோதிப்பவள். மாதிரிக்குச் சிலவற்றை மட்டும் சோதித்துப் பார்க்கும் வேலைப் பழக்கத்தில் ஒன்பது பாகங்களில் மூன்றை மட்டும் பார்த்து, “சரி” என்றேன்.
3. ஒவ்வொரு பாகமும் தனிக்கதை. நான்காவதில் தலை வெட்டுப்பட்டு உருண்டது.

அக்கா மகளே பார்ப்பதை நிறுத்திவிட்டு என்னை அழைத்தாள்.

“சித்தி, இத நீங்க பாக்கவே இல்லதானே? அம்மாகிட்ட சொல்லாதீங்க லா, மொத்தத்தையும் பேன் பண்ணிருவாங்க.”

தவறு என்னுடையது என்று அக்காவிடம் நானே சொல்லி, ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். மிச்சத்தையும் பார்த்தேன். எவ்வளவு அழகான வேலை! வசனமே இல்லாத ஆறாவது கதையை, மழையை வரைந்த விதத்துக்காகவே இருமுறை பார்த்தேன்.

இப்போது ஏழு கதைகளுக்கு அக்கா அனுமதி தந்திருக்கிறாள். நான்காவதும் அதைப் போலவே கொடூரமான எட்டாவதும் பதினாறு வயதுக்குப் பிறகுதான்.