உப்பில்லாத சாம்பார்

வீட்டில் நிம்மதி இல்லையென்றுதான் கன்னிவாடி மலையடிவாரத்தில் நடந்த மூன்று நாள் மௌன தியான முகாமுக்குப் போனேன். வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். யாரோடும் பேசக்கூடாது, சைகைகூடக் கூடாது.

முதல் நாள் கால் மரத்துப்போனதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் மதியம் சாம்பாரில் உப்பே இல்லை. வீட்டில் என்றால் தட்டு பறந்திருக்கும். இங்கே கோபம் தொண்டைவரை வந்து, முகாமின் கட்டுப்பாடு ஞாபகம் வந்ததும் நின்றது. மூச்சைக் கவனித்தபடி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தேன். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

கடைசி நாள் போன் கைக்கு வந்ததும் மனைவியைக் கூப்பிட்டேன்.

"சாம்பார்ல உப்பே இல்ல. ஒரு வார்த்தை பேசலயே நானு" என்றேன் பெருமையாக.

அவள் மெதுவாகக் கேட்டாள். "அங்கன முடியுதுல்ல?"

"வாரேன்" என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன்.

திண்டுக்கல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவள் கேட்டது உறைத்தது. முகாமின் கட்டுப்பாட்டுக்குப் பயந்து நான் மூன்று நாள் வாயை மூடியிருந்தேன். அவள் பதினாறு வருடமாக எனக்குப் பயந்து மூடியிருக்கிறாள்.